மீனவரும் மீனவரும் நேருக்கு நேர் பேசினா முடிஞ்சுருமா?

வாசகர் கேள்வி, மே 19
பாக் விரிகுடாவுல தமிழ்நாடு, இலங்கைன்னு ரெண்டு பக்கமும் தமிழ் மீனவர்கள்தான். கட்சிக்காரங்க, அதிகாரிங்க எல்லாரையும் வாசல்ல நிறுத்திட்டு மீனவரும் மீனவரும் ஒரே ரூம்ல உட்கார்ந்தா எல்லை தாண்டி மீன் பிடிக்கிற சண்டை ஒரே நாள்ல முடிஞ்சுரும்னு நான் சொல்றேன். ஏன் யாரும் அதைச் செய்ய மாட்டேங்கிறாங்க?

மே 19, இரவு 10:40
செஞ்சாங்க, ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. 2004-ல நம்ம ஆளுங்க அங்க போனாங்க. 2010 ஆகஸ்ட்ல அவங்க இங்க வந்தாங்க. 2014 ஜனவரியில சென்னை, அதே வருஷம் மே மாசம் கொழும்பு, 2015 மார்ச்ல மறுபடி சென்னை, 2016 நவம்பர்ல டெல்லி. இதுல முதல் ரெண்டும் அரசாங்கம் கூட்டினதே இல்ல, மீனவர் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் தாங்களா முன்னால நின்னு நடத்தினது. நீங்க கேக்குற அதே ரூம். ஒத்துக்கிட்டும் போனாங்க.

அப்ப ஏன் முடியல? நாளைக்கு எழுதுறேன். கரண்ட் வருது போகுது.

மே 20, காலை 7:15
நான் யாருன்னு சொல்லிடுறேன், இல்லேன்னா எப்படியும் கேப்பீங்க. இந்தக் கரையில ஒரு தொண்டு நிறுவனத்துல ஆறு வருஷம் இருந்தேன். மத்தியஸ்தர்னு பெரிய பேரெல்லாம் வேண்டாம். மினிட்ஸ் எழுதுறது, டீ சொல்றது, யாராவது கை ஓங்கினா நடுவுல போய் நிக்கிறது. அதுவும் நம்ம கரைக்குள்ள நடந்த சண்டைகள், நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும். ரெண்டு நாட்டுப் பேச்சுல நான் உட்கார்ந்ததில்ல. அதைப் பத்தி நான் சொல்றதெல்லாம் ஊருக்கே தெரிஞ்ச சங்கதி. ரூமுக்குள்ள மனுஷங்க எப்படி நடந்துக்குவாங்கங்கிறது மட்டும் நான் பட்டது.

எல்லைன்னு ஆரம்பிச்சா பேச்சு கச்சத்தீவுல போய்த் தரை தட்டும். 1974, 1976 ஒப்பந்தங்களைப் பத்தி ஏற்கெனவே வேண்டிய மட்டும் அடிச்சுக்கிட்டாச்சு. கரையில போய்க் கேளுங்க, மடின்னுதான் சொல்லுவாங்க. நம்ம விசைப்படகு இழுக்கிற இழுவை மடி, அடித்தரையோட சேர்த்து அரிச்சுக்கிட்டு வர்ற வலை. வடக்கு மாகாணத்துக்காரங்க ராத்திரி வலையைப் போட்டுட்டு விடியக்காலம் எடுக்கிறவங்க. மடி இழுக்கிற படகு அந்த வழியா வந்தா வலை போச்சு. போர்க்காலம் பூரா கடலுக்குப் போக விடாம வச்சிருந்து, 2009-க்கு அப்புறம் கடனை உடனை வாங்கி வலை எடுத்தவங்க. அந்த வலையைத்தான் நம்ம படகு அறுத்துட்டு வருது.

மே 20, மதியம்
அவசரத்துல ஒண்ணை விட்டுட்டேன். அந்தப் பக்கமும் இழுவைப் படகு உண்டு. யாழ்ப்பாணத்துல குருநகர், மன்னார்ல பேசாலை. நம்மளோட பாத்தா கொஞ்சம்தான். ஆனா 2017 ஜூலையில இலங்கை நாடாளுமன்றம் இழுவை மடியை மொத்தமா தடை பண்ணினப்ப அவங்க தலையிலயும்தான் விழுந்துச்சு. அதனால நம்ம பக்கம் ஒரு நாற்காலி, அவங்க பக்கம் ஒரு நாற்காலின்னு போட்டா கணக்கு வராது. இங்க விசை, நாட்டுப்படகு. அங்க வலைக்காரர், இழுவைக்காரர். குறைஞ்சது நாலு. இன்னும் கூடும், பின்னால வர்றேன்.

மே 21
கேள்வி கேட்ட தம்பிக்கு ஒரு கதை. பேசித் தீர்த்த விஷயம் ஒண்ணு நம்ம கரையிலேயே இருக்கு, யாரும் அதைப் பெருமையா சொல்றதில்ல. மூணு நாள், நாலு நாள். திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு. மத்த நாள் நாட்டுப்படகுக்கு. அதுக்கு முன்னால இங்க வலை அறுப்பு, படகு எரிப்பு, வெட்டுக்குத்து எல்லாம் பாத்தாச்சு. 1983 சட்டம் கரையில இருந்து 3 கடல் மைலுக்குள்ள விசைப்படகு தொழில் பண்ணக்கூடாதுன்னு சொல்லுச்சு. கடல்ல கோடு போட்டா யாரு பாக்கிறது? ஆனா கிழமையைப் பிரிச்சா குழந்தைகூட கண்டுபிடிச்சுரும், செவ்வாய்க்கிழமை துறையில விசைப்படகு நிக்குதா இல்லையான்னு. அதனால நின்னுச்சு. என்னைக் கேட்டா இந்த ஒரு விதியை எழுதினவங்களுக்குச் சிலை வைக்கலாம்.

மே 21, இரவு
சிலையை வாபஸ் வாங்கிக்கிறேன்.

சாயங்காலம் நடந்துக்கிட்டே யோசிச்சேன். யாழ்ப்பாணத்துல, மன்னார்ல வலைக்காரங்க திங்கள், புதன், சனி ராத்திரி வலை போட மாட்டாங்க. நம்ம படகு வர்ற நாள்னு அவங்களுக்கும் மனப்பாடம். அதாவது நம்ம நாட்டுப்படகும் விசைப்படகும் சண்டை ஓயட்டும்னு ஒரு கிழமைக் கணக்கு போட்டோம். அந்தக் கணக்கை எழுதினப்ப அங்க இல்லாதவன் வாரத்துல மூணு ராத்திரியை இழந்துட்டான். நாம போட்ட விதிக்கு அவன் கட்டுப்பட்டு நிக்கிறான், அவனை யாரும் கேக்கவே இல்ல.

ஆறு வருஷம் மினிட்ஸ் எழுதியிருக்கேன், "வந்திருந்தவர்கள்"னு ஒரு பக்கம் பேர் எழுதுவோம். "வராதவர்கள்"னு ஒரு வரி எழுதினது கிடையாது.

மே 23
இப்ப 2010. இலங்கை மீனவர் குழு இங்க வந்து, கரையோரம் சுத்திப் பாத்து, கடைசியில ரெண்டு தரப்பும் ஒரு முடிவுக்கு வந்தாங்க. இழுவைத் தொழிலை ஒரே நாள்ல நிறுத்த முடியாது, ஒரு வருஷத்துக்குக் குறிப்பிட்ட நாள் மட்டும், அவங்க கரையை விட்டுத் தள்ளி நின்னு தொழில் பண்ணிக்கலாம், அதுக்கப்புறம் நிறுத்திடணும். 80 சொச்சம் நாள்னு ஞாபகம். அவங்க அந்த அளவுக்கு இறங்கி வந்ததை நெனச்சுப் பாருங்க. தன் வலையை அறுக்கிறவனுக்கு இன்னும் ஒரு வருஷம் அறுத்துக்கோன்னு கணக்கு வச்சுக் கொடுக்கிறது லேசான காரியமில்ல.

அதை நம்ம ஆளுங்க காப்பாத்தல. அவ்வளவுதான் விஷயம்.

மே 24
நேத்து எழுதினதுல ரெண்டு தப்பு.

ஒண்ணு, நாள் கணக்கு. 2010-ல பேசினது 70 நாள். 83 நாள்ங்கிறது 2015 மார்ச்ல நம்ம பக்கம் கேட்டது, வருஷத்துக்கு 83 நாள், அப்படியே மூணு வருஷம். அவங்க முடியாதுன்னுட்டாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு உட்கார்றப்ப நாம கூடக் கேட்டிருக்கோம்! சந்தையில பேரம் பேசுறப்ப கடைக்காரர் விலையை ஏத்திக்கிட்டே போனா நீங்க நிப்பீங்களா?

ரெண்டாவது தப்பு பெருசு. "நம்ம ஆளுங்க காப்பாத்தல"ன்னு ஒரே வரியில முடிச்சேன். ரெண்டு அரசாங்கமும் அந்த உடன்பாட்டை ஏத்துக்கவே இல்ல. மீனவர்கள் தங்களுக்குள்ள போட்டுக்கிட்ட காகிதம் அது. அது பேரைச் சொல்லி ஒரு படகை நிறுத்தவும் முடியாது, ஒரு படகை விடவும் முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம் 70 நாள் போகலாம்னு மீனவர் சொல்லலாம், கடற்படை கேக்குமா? அதிகாரிகளை வாசல்ல நிறுத்துனதுக்கு விலை அதுதான்.

ஆறு மாசம் கழிச்சு, 2011 பிப்ரவரியில, பருத்தித்துறைக் கடல்ல 18 படகையும் 112 பேரையும் வடக்கு மீனவர்களே சுத்தி வளைச்சுக் கரைக்குக் கொண்டுபோனாங்க. கடற்படை இல்ல, மீனவர்கள். மறுநாள் மாதகல் பக்கம் இன்னும் 24 பேர். கையெழுத்துப் போட்ட கொஞ்சப் பேரோட சொல் எத்தனை துறைக்கு, எத்தனை படகுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்? நாகப்பட்டினத்துல இருந்து தொண்டி, பாம்பன் வரைக்கும் ஒரு குரல்ல பேசுற தலைவர் யாரும் கிடையாது. ஒரே துறையிலேயே ஏழெட்டுச் சங்கம்.

மே 26
ஒரு சிரிப்பு. ரெண்டு பக்கமும் தமிழ், மொழிபெயர்ப்பாளரே வேண்டாம்னு எல்லாரும் சொல்வாங்க. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு ஒரு தடவை போனப்ப நெடுந்தீவுக்காரர் ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து, "தம்பி, உங்கட றோலர்தான் எங்களுக்கு எமன்"னு சொன்னார். றோலர்னா அவங்க பேச்சுல ட்ராலர், இழுவைப் படகு. என்கூட வந்த பையன் ரொம்ப நேரம் யோசிச்சுட்டு என் காதுல கேட்டான்: "அண்ணே, நாம எங்க அங்க ரோடு போட்டோம்?"

இன்னொண்ணு சிரிப்பு இல்ல. நான் அவர்கிட்ட, "இங்க ஏப்ரல் 15-ல இருந்து 61 நாள் தடைக்காலம், அந்த மாதிரி அங்கயும் வச்சா மீன் பெருகுமே"ன்னேன். மனுஷன் முகம் மாறிப்போச்சு. எனக்குத் தடைன்னா மீன் குஞ்சு பொரிக்கிற காலம், படகை மேல ஏத்தி பெயிண்ட் அடிக்கிற காலம், நிவாரணப் பணம். அவருக்குத் தடைன்னா போர்க்காலத்துல கடலுக்கு இறங்கக் கூடாதுன்னு வச்ச தடை. "நாங்கள் தடையிலயே கிழவனாப் போனாக்கள்"னார். வேற ஒண்ணும் சொல்லல, எழுந்து பூசைக்குப் போயிட்டார். நான் அப்புறம் அந்தச் சொல்லைப் பாத்துப் பேசக் கத்துக்கிட்டேன்.

மே 27, நீளம், பொறுத்துக்கோங்க
"பேச்சு நடத்தத் தெரிஞ்ச ஆள் இருந்தா என்ன வித்தியாசம் வரும்"னு ஒருத்தர் தனியா கேட்டிருக்கார். நான் பாத்ததைச் சொல்றேன்.

நம்ம கரையில ஒரு கிராமம், பேர் வேண்டாம். நாட்டுப்படகுக்காரங்க அறுபது பேர் வலை போச்சுங்கிறாங்க. விசைப்படகுச் சங்கம் பத்துகூட இருக்காது, மிச்சம் நஷ்டஈட்டுக்காகச் சொல்றதுங்குது. மூணு கூட்டம் இந்த ஒரு எண்ணிலேயே போச்சு. நான் பக்கம் பக்கமா "அறுபது", "பத்து"ன்னு எழுதிக்கிட்டிருந்தேன். எங்களோட இருந்த அம்மா ஒருத்தங்க, வயசானவங்க, அதிகம் பேசவே மாட்டாங்க. நாலாவது கூட்டத்துக்கு அறுந்த வலையை எல்லாம் எடுத்துட்டு வரச் சொல்லிட்டாங்க. ஏலக்கூடத்துத் தரையில போட்டாச்சு. ஒரே நாத்தம்.

இருபத்தி சொச்சம் குவியல். சம்மாட்டி, அதாவது விசைப்படகு முதலாளி ஒருத்தர், அதுவரைக்கும் கத்திக்கிட்டிருந்தவர், குனிஞ்சு ஒண்ணை எடுத்துப் புரட்டினார். பழக்க தோஷம்தான், வலையைப் பாத்தா கை சும்மா இருக்குமா. "இது காத்தாடி பட்டது"ன்னார். காத்தாடின்னா படகுக்கு அடியில சுத்துற இலை. பட்டா வெட்டு நறுக்குனு இருக்கும். அடுத்ததை எடுத்தார், "இது மடி இழுத்தது, பாரு முடிச்சு உருவியிருக்கு." வலைக்காரர் ஒருத்தர் பக்கத்துல வந்து உட்கார்ந்து, "இது பாறையில சிக்கினது, எங்க தப்பு, ஓரமா வையுங்க"ன்னார். ஒரு மணி நேரம் ரெண்டு தரப்பும் சேர்ந்து குவியலைப் பிரிச்சாங்க. எனக்கு எழுத ஒண்ணுமே இல்ல. கடைசியில வந்த எண் அறுபதும் இல்ல, பத்தும் இல்ல, யாரும் அதைப் பத்தி அப்புறம் சண்டையும் போடல. அவங்க கையால பிரிச்சது.

நிபுணரைக் கூட்டிட்டு வந்து அதே எண்ணைச் சொல்லியிருந்தா ஒரு தரப்பு எழுந்து போயிருக்கும். அது எனக்கு நிச்சயம்.

மே 30
வலைக் கதைக்கு நிறையப் பேர் கை தட்டியிருக்கீங்க. அதனாலயே கொஞ்சம் குத்துது. அந்தக் கூட்டம் நல்லாப் போனதுக்கு வலைக் குவியல்தான் காரணம்னு நானும் பல இடத்துல சொல்லிட்டு வந்திருக்கேன். ஆனா பழைய நோட்டை எடுத்துப் பாத்தேன். அதுக்கு முந்தின வாரம் காத்துல ஒரு வத்தை, சின்ன நாட்டுப்படகு, கவுந்து, அதுல இருந்த மூணு பேரை ஒரு விசைப்படகு தூக்கிட்டு வந்திருக்கு. நான்தான் ஓரத்துல எழுதி வச்சிருக்கேன், மறந்துட்டேன். அந்தச் சம்மாட்டி குனிஞ்சதுக்கு எது காரணம்? அந்த அம்மாவோட யோசனையா, அந்த மூணு உசுரா? நாம கத்துக்கிட்ட வித்தைன்னு நெனைக்கிறதுல பாதி காத்து அடிச்ச திசை.

ஜூன் 2
கடலை விட்டு ஆத்துக்குப் போறேன், திட்டாதீங்க. 2002-03 பஞ்சத்துல காவிரிக்காக ரெண்டு மாநிலமும் எரிஞ்சுக்கிட்டிருந்தப்ப, 2003-ல சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துல பேராசிரியர் ஜனகராஜன் முயற்சியில ரெண்டு மாநில விவசாயிகளும் உட்கார்ந்தாங்க. காவிரிக் குடும்பம்னு பேர். இங்க இருந்து மன்னார்குடி ரங்கநாதன், அங்க இருந்து புட்டண்ணையா. டெல்டாக்காரங்க மண்டியா போய்ப் பாத்தாங்க, அவங்க இங்க வந்து காஞ்ச வாய்க்காலைப் பாத்தாங்க. தமிழ்நாட்டுல தண்ணி கடலுக்குப் போகுதுன்னு கேட்டே வளர்ந்தவனுக்கு, வெடிச்ச வயலைக் கண்ணால பாக்கிறது வேற மாதிரிதான்.

ஏலக்கூடத்து வலைக் குவியலும் அதுவும் ஒண்ணுதான்னு எனக்குப் படுது.

ஜூன் 3
"அதனால என்ன லாபம்? கடைசியில கோர்ட்டுதானே முடிச்சுது"ன்னு கேட்டவருக்கு: ஆமா. 1990-ல வந்த நடுவர் மன்றம் 2007-ல தீர்ப்புச் சொல்லி, 2018-ல உச்ச நீதிமன்றம் பிலிகுண்டுலுவில 192 டிஎம்சியை 177.25 ஆக்கி முடிச்சுது. காவிரிக் குடும்பத்தால ஊரறிய ஒரு எண்ணைச் சொல்ல முடியல. ஆனா கோர்ட்டு முடிச்சுதான்னு பாருங்க. மழை பேஞ்ச வருஷத்துக்கு யாருக்கும் தீர்ப்பே வேண்டாம், மேட்டூர் தானா நிரம்பிரும். பஞ்ச வருஷத்துல அதே விகிதத்துல குறைச்சுக்கணும்னு காகிதம் சொல்லுது. அந்தக் குறைச்சலை ஜூன்ல எப்படி எண்ணுறது, ஆகஸ்ட்ல எப்படி எண்ணுறதுன்னு இன்னும் அடிதடிதான். பஞ்சத்தை எப்படிப் பகிர்றதுங்கிறதுதான் அந்த விவசாயிகள் உட்கார்ந்து மண்டையை உடைச்சுக்கிட்ட கேள்வி. சரியான கேள்வியைப் பிடிச்சாங்கங்கிற மட்டுக்கும் நான் அவங்க பக்கம்.

ஜூன் 6
கடலுக்குத் திரும்பறேன். 70 நாளா 83 நாளான்னு பேசுறப்ப வாயில நாள் கணக்கு இருக்கும், வயித்துல கடன் கணக்கு இருக்கும். படகு கடன்ல நிக்குது, இறால் கம்பெனி ஏஜென்ட்கிட்ட முன்பணம் வாங்கியாச்சு. "எத்தனை நாள் வேணும்"னு கேக்காம "கடன் அடைய எத்தனை நாள் ஆகும், அதை வேற யாராவது அடைச்சா நாளைக்கே நிறுத்துவியா"ன்னு கேட்டா பேச்சே வேற. இந்தக் கேள்விக்கு அரசு ஒரு பதில் வச்சுது, 2017-ல. இழுவைப் படகைக் கொடுத்துட்டு ஆழ்கடல் சூரை மீன் படகு வாங்கிக்கோ. 80 லட்சத்துல மத்திய அரசு 50 சதவீதம், மாநிலம் 20, மிச்சம் கடனும் கைப்பணமும். மூணு வருஷத்துல 2000 படகு மாத்துறதா திட்டம். காகிதத்துல அருமை.

நம்மூர் ஆளுங்க ஒரு ராத்திரித் தொழில்காரங்க. சாயங்காலம் போய் காலையில வந்து பிள்ளையை ஸ்கூல்ல விடுறவங்க. ஆழ்கடல்னா வாரக்கணக்கு, மாசக்கணக்கு. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரங்களுக்கு அது ரத்தத்துல ஊறினது, இவங்களுக்கு இல்ல. சொன்ன எண்ணிக்கையோட கிட்டத்துலகூட வரல.

நான் ஒரு துறையில இதைப் பத்திக் கூட்டம் வச்சப்ப வந்தவங்க எல்லாம் ஓனர்கள். மாசக்கணக்குல கடல்ல கிடக்கப் போறவன் படகுல பங்குக்குப் போற ஆள், பிடிச்சதுல ஒரு பங்குதான் அவன் கூலி. அவன் வாசலுக்கு வெளியில பீடி குடிச்சுக்கிட்டு நின்னான். நாங்களும் கூப்பிடல. டீ மட்டும் கொடுத்தோம்.

ஜூன் 9
"விசைப்படகுக்காரன் பேராசைக்காரன்" கோஷ்டிக்கு: சரி. இருந்துட்டுப் போகட்டும். இந்த மடியை 1960-கள்ல இருந்து மானியம் கொடுத்து, நீலப்புரட்சின்னு சொல்லி இறக்கினது யாரு? டாலர் வந்தப்ப இறாலுக்குப் பூமாலை. இப்ப அவனை மட்டும் திருடன்னா அவன் எதுக்கு உங்க கூட்டத்துக்கு வரணும்? நான் அவன் பக்கம் இல்ல. மடி நிக்கணும், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா திட்டிக்கிட்டே ஒருத்தனை உட்கார வைக்க முடியாது, நான் செஞ்சு பாத்துட்டுதான் சொல்றேன்.

ஜூன் 12
நல்லா முடிஞ்ச ஒண்ணுகூட இல்லையான்னு கேட்டீங்க. இருக்கு, பக்கத்துலயே. மன்னார் வளைகுடாவுல 21 தீவும் 1986-ல இருந்து தேசியப் பூங்கா. அங்க கடல்பாசி எடுக்கிற பெண்களை வனத்துறை விரட்டுறது, சாமானைப் பறிக்கிறது. அவங்க தாங்களே சங்கமா கூடி, மாசத்துல 12 நாள்தான் எடுப்போம்னு கட்டு வச்சுக்கிட்டாங்க, அதை வச்சு வனத்துறைகிட்ட பேசினாங்க. அவங்கள்ல ஒருத்தர், சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல சீகாலஜிங்கிற அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தோட விருது கிடைச்சது இதுக்காகத்தான். சச்சரவு முழுக்க ஓய்ஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா கவனிங்க, அங்க தண்ணியில முங்குறவங்களேதான் விதியை எழுதினாங்க. ஓனர் கிடையாது, பிரதிநிதி கிடையாது.

மே 21 ராத்திரி எழுதினதை இதோட சேர்த்துப் படிங்க.

ஜூன் 15
தடைக்காலம் நேத்து ராத்திரியோட முடிஞ்சுது. காலையில துறைக்குப் போனேன். ஐஸ் வண்டி, டீசல் பீப்பாய், டோக்கன் வரிசை. எனக்குத் தெரிஞ்ச டிரைவர் ஒருத்தர், இருபது வருஷமா பங்குக்குப் போறவர், ஒரு தடவை மூணு மாசம் அந்தப் பக்கம் சிறையில இருந்துட்டு வந்தவர். அடுத்த மாசம் ஒரு கூட்டம் இருக்கு, நீங்க வரணும்ணேன். ஓனரைக் கூப்பிட்டா போதாதான்னார். போதாதுன்னேன்.

"எந்தக் கிழமை?"
"புதன்கிழமைன்னு போட்டிருக்காங்க."
"புதன் தொழில் நாள். வந்தா என் பங்கு போச்சு. நீங்க தருவீங்களா?"

நிறுவனத்துல நான் இப்ப இல்ல, ஆனா பட்ஜெட்டை எனக்கு அனுப்பியிருந்தாங்க. வந்து பாத்தேன். ஹால் வாடகை, பேனர், சாப்பாடு, வெளியூர் ஆட்களுக்குப் பயணப்படி. பங்குக்கு ஒரு வரி இல்ல. கிழமையை மாத்தச் சொல்லி இப்பதான் போன் பண்ணினேன், எடுக்கல.